ஆட்டோவில் வைத்த கேமரா

விளாங்குளத்தில் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர்கள் நான்கு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கேமரா, ஒரு சைக்கிள். புத்தியும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான். நம்பிராஜன் வயதில் மூத்தவர், அதனால் எந்தப் பேச்சுக்கும் முடிவு சொல்வது அவர். கொம்பையா ஆறடி உயரம், பலசாலி. பேச்சிமுத்து எதை ஒருதடவை கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பான், அர்த்தம் மட்டும் கேட்கக் கூடாது. நாலாமவன் மாசானம். அவனுக்குத்தான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

பெண் செண்பகவல்லி, கருப்பட்டிக் கடை அணைஞ்சபெருமாளின் மகள். பெண் பார்க்கப் போன அன்று மாசானம் பதற்றத்தில் காப்பித் தம்ளரைக் கவிழ்த்து நீட்டி நன்றி சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தே அவன் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். ஆனால் மாமனார் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். மும்பையில் இருக்கும் அவருடைய அண்ணன் தங்கப்பழத்துக்குக் கல்யாணத்துக்கு வர முடியாது. அவர் கண்ணாரப் பார்க்கிற மாதிரி படம் வரவேண்டும். வராவிட்டால் பெண் புகுந்த வீட்டுக்கு வராது. சொன்னால் சொன்னபடி நடக்கிற மனுஷர் அவர்.

ஸ்டூடியோவில் அப்போது கேமரா இல்லை. படம் அழுக்காக விழுகிறது என்று யாரோ குறை சொன்னதால், நால்வரும் அதைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயப்போட்டிருந்தார்கள். காய்ந்தது, ஆனால் எழுந்திருக்கவில்லை.

திருநெல்வேலிக்குப் போய்ப் புதுசு பார்த்தார்கள். கடைக்காரர் நாணயமானவர். கைக்கு அடக்கமான சின்ன டி.எஸ்.எல்.ஆர். ஒன்றை எடுத்து வைத்து, நல்லதையும் சொன்னார், கெட்டதையும் சொன்னார்.

"பழகுறவங்களுக்குன்னே செஞ்சது அண்ணாச்சி. கையில வெச்சிருக்கிறதே தெரியாது. பகல் வெளிச்சத்துல படம் கண்ணாடி மாதிரி விழும். ஆட்டோவுல வெச்சிட்டியள்னா போதும், மிச்சத்தை அதுவே பாத்துக்கிடும். கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்." சொல்லிக்கொண்டே மேலே இருந்த திருகைச் சுற்றி வைத்தார்.

குறை என்ன என்று நம்பிராஜன் கேட்டார்.

"இருட்டுல நாய்ஸ் ஜாஸ்தி, படம் புள்ளி புள்ளியா விழும். வெளிச்சம் கொறஞ்சா ஷட்டர் மெதுவாத்தான் விழும். தண்ணி ஆகவே ஆகாது. நீங்க வளந்தப்புறம் பெரிய கேமராவுக்கு மாறிக்கிடலாம்."

இதற்கு மேல் வளர்ந்தால் வீட்டு நிலைப்படி இடிக்குமே என்று கொம்பையா கவலைப்பட்டான். அது அவனவன் விருப்பம் என்று கடைக்காரர் பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

இத்தனை விஷயத்தை ஒரே தலையில் ஏற்றக் கூடாது என்று நம்பிராஜன் பங்கு பிரித்தார். தண்ணீர் அவர் பொறுப்பு. ஷட்டர் கொம்பையாவுக்கு. நாய்ஸ் என்றால் சத்தம் என்று பேச்சிமுத்துவுக்குத் தெரிந்திருந்ததால் அது அவனுக்கு. நல்ல குணங்களை எல்லாம் மாப்பிள்ளை வைத்துக்கொள்ளட்டும் என்று மாசானத்துக்கு ஒதுக்கினார்கள்.

பஸ் ஏறிக் கொஞ்ச தூரம் வந்ததும் மாசானத்துக்குத் திக்கென்றது. கேமராவைக் காணோம். நால்வரும் சீட்டுக்கு அடியில் தேடினார்கள், பக்கத்துக்காரரின் கோழிக்கூடையைக் கிளறினார்கள், பஸ்ஸை நிறுத்தி வந்த சாலையில் திரும்பி நடந்தார்கள். மேலப்பாளையம் தாண்டி எதிரே வந்த ஒருவர், கையில் கேமராவை வைத்துக்கொண்டு எதைத் தேடுகிறாய் என்று கேட்ட பிறகுதான் மாசானம் குனிந்து பார்த்தான். கையில்தான் இருந்தது. தெரியாது என்று கடைக்காரர் சொன்னது எவ்வளவு உண்மை என்று நால்வரும் வியந்துகொண்டார்கள். கேமராவின் மேல் அவர்களுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை பிறந்தது அந்த இடத்தில்தான்.

அடுத்தது ஆட்டோ. ஊரில் இருந்தது ஒரே ஆட்டோ, பால்துரையுடையது. கல்யாணத்தன்று முகூர்த்தம் முடியும்வரை அது மண்டபத்துக்குள் நிற்கவேண்டும் என்று மாசானம் போய்ச் சொன்னான். வெயிட்டிங் உண்டா, சாப்பாடு உண்டா என்பதற்கு மேல் பால்துரை ஒன்றும் கேட்கவில்லை.

மண்டபம் முன்னால் உரக் கிடங்காக இருந்த கட்டிடம். சன்னல் கிடையாது. கிழக்கே பார்த்த வாசலில் கதவுக்குப் பதில் சுவர் அகலத்துக்கு இரும்பு ஷட்டர். அதனால் ஆட்டோ சிரமமில்லாமல் உள்ளே வந்து, மணவறைக்கு எதிரே நின்றது. பின்சீட்டில் ஒரு தலையணை போட்டு, கேமராவை மணவறை பார்க்க உட்கார வைத்தார்கள். பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி அதற்கும் சந்தனம் தொட்டு வைத்துவிட்டுப் போனாள்.

வெகுநேரம் ஆகியும் கேமரா படம் எடுக்கவில்லை. நால்வரும் கூடிப் பேசினார்கள்.

"ஆட்டோவுல வெக்கணும்னாரு, வெச்சாச்சு" என்றான் மாசானம்.

"நிக்கிற ஆட்டோவா, ஓடுற ஆட்டோவான்னு கேட்டியா?" என்றார் நம்பிராஜன்.

மாசானம் கேட்கவில்லை.

"நிக்கிறதுக்கு ஆட்டோ எதுக்குவே? பெஞ்சு போதாதா?" என்றான் கொம்பையா.

நியாயமான பேச்சு என்று நம்பிராஜன் ஒப்புக்கொண்டார். ஓடவும் வேண்டும், இடத்தை விட்டு நகரவும் கூடாது என்பதால் எஞ்சினை மட்டும் ஓட விடுவது என்று முடிவாயிற்று. பால்துரை ஸ்டார்ட் பண்ணினான். மண்டபம் முழுக்கப் புகை சூழ்ந்தது. ஐயர் மந்திரத்துக்கு நடுவே இருமினார், சிலர் அவர் இருமலையும் மந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டார்கள்.

புகையில் வெளிச்சம் குறைந்ததைக் கொம்பையா கவனித்தான். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் மெதுவாக விழவேண்டும். அவன் வாசலுக்குப் போய் இரண்டு கையாலும் ஷட்டரைப் பிடித்து, சாமி சப்பரத்தை இறக்குகிற பக்தியோடு அங்குலம் அங்குலமாக இறக்கினான். பிந்தி வந்தவர்கள் முதலில் குனிந்து வந்தார்கள், பிறகு தவழ்ந்து வந்தார்கள், கடைசியில் வந்த வாத்தியாரின் செருப்பு மட்டும் வெளியே நின்றுவிட்டது.

மண்டபம் இருட்டாயிற்று. இருட்டில் சத்தம் அதிகம் ஆகும் என்பது பேச்சிமுத்துவின் பங்கு. அவன் மேளக்காரர்களிடம் ஓடி, தவில் மேல் படுத்துக்கொண்டான். நாதஸ்வரக்காரரை வாயிலிருந்து கருவியை எடுக்கச் சொன்னான். ஆட்டோ போடுகிற சத்தத்தை அவன் ஒன்றும் சொல்லவில்லை, அது கேமராவைச் சேர்ந்த ஆள் அல்லவா.

அதே நேரத்தில் நம்பிராஜன் மண்டபத்தில் இருந்த தண்ணீரை எல்லாம் அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார். குடிதண்ணீர்க் கேன் போயிற்று, பன்னீர்ச் செம்பு போயிற்று. தாரை வார்க்கிற நேரத்தில் செம்பில் தண்ணீர் இல்லாமல் அணைஞ்சபெருமாள் வெறுஞ்செம்பைக் கவிழ்த்துத் தாரை வார்த்தார். மகளைப் பிரிகிற துக்கத்தில் மாமியார் கண் கலங்கியபோது, நம்பிராஜன் அவரிடம் பணிவாகப் போய், அழுவதாக இருந்தால் கொல்லைப்பக்கம் போய் அழச் சொன்னார்.

மணவறையில் உட்கார்ந்திருந்த மாசானம் இதையெல்லாம் பார்த்து மனம் நெகிழ்ந்தான். தனக்காகச் சிநேகிதர்கள் ஒரு குறையும் விடாமல் பார்த்துக்கொள்கிறார்களே என்று இருந்தது. பக்கத்தில் செண்பகவல்லியின் வளையல் சத்தம் மட்டும் கேட்டது, முகம் தெரியவில்லை. படம் வராமல் போனால் இந்தச் சத்தமும் இன்றோடு சரி. அப்போதுதான் கடைக்காரர் சொன்ன மிச்ச வாக்கியம் அவனுக்கு நினைவு வந்தது. அவன் பங்கு, அவனே மறந்திருந்தான். மைக்கை வாங்கி, படம் எடுக்கப்போவதால் எல்லோரும் தயவுசெய்து கண்ணை மூடிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டான். மாப்பிள்ளையே கேட்கும்போது என்ன செய்வது என்று கூட்டம் கண்ணை மூடியது.

"ஏல, முதல்ல அந்த ஷட்டரத் தூக்குங்கல. தாலி எங்க இருக்குன்னே தெரியல" என்று அணைஞ்சபெருமாள் கண்ணை மூடியபடியே அதட்டினார்.

கொம்பையா ஒரே மூச்சில் ஷட்டரை மேலே தூக்கினான். காலை வெயில் மண்டபத்துக்குள் கொட்டியது. மாசானம் கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையில் இருந்த தாலியோடு காற்றைத் துழாவினான். முதலில் ஐயரின் காது அகப்பட்டது. அடுத்து ஒரு குளிர்ந்த கை அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டது. "இங்க" என்றாள் செண்பகவல்லி. அவன் கட்டினான்.

பல்லைக் குத்திக்கொண்டிருந்த பால்துரைக்கு மைக்கில் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. பின்சீட்டுப் பக்கம் திரும்பிச் சோம்பல் முறித்தவன், முழங்கையைக் கேமராவின் மேல் ஊன்றினான். அது கிளிக் என்றது. நால்வரும் கண்ணை மூடியபடியே பெருமூச்சு விட்டார்கள். ஆட்டோ எடுத்துவிட்டது.

படம் வந்தது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, பகல் வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி விழுந்திருந்தது. மாலையின் ஒவ்வொரு இதழும், மாமனாரின் மீசையில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. மாப்பிள்ளை, பெண், ஐயர், மாமனார், ஓரத்தில் நம்பிராஜன், தவில் மேல் பேச்சிமுத்து என்று அத்தனை பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். அணைஞ்சபெருமாள் வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாரும் சாமி கும்பிடுத மாதிரி இருக்கு. பக்தியுள்ள குடும்பம்னு அண்ணன் சந்தோசப்படுவான்" என்றார் மாமனார். படத்தை மும்பைக்குப் போனில் அனுப்பிவிட்டு, பெண்ணையும் அனுப்பி வைத்தார்.

மறுவீட்டு விருந்துக்கு எல்லோரும் அணைஞ்சபெருமாள் வீட்டில் கூடியிருந்தபோது வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. இறங்கியவர் தங்கப்பழம். தலையை மொட்டை அடித்திருந்தார். தம்பியைக் கட்டிக்கொண்டு குமுறிக் குமுறி அழுதார். அவர் அழுவதைப் பார்த்துத் தம்பியும் அழுதார், வீடே அழுதது. கொஞ்சம் ஓய்ந்த பிறகு, போனது யார் என்று மாசானம் மரியாதையாக விசாரித்தான்.

"எல்லாருந்தான் மாப்ள. ஒரே நேரத்துல" என்று தங்கப்பழம் போனை நீட்டினார். படத்தைப் பார்த்ததும் கூப்பிட்டு விசாரிக்கலாமே என்று அங்கே அவருக்குத் தெரிந்தவர்கள் சொன்னார்களாம். கண்ணை மூடிவிட்டவர்களை எப்படிப் போனில் கூப்பிடுவது என்று இவர் நேரே ரயில் ஏறிவிட்டார்.

நம்பிராஜன் படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். "கண்ணு மூடித்தான் இருக்கு" என்றார்.

"ஆனா இங்க நிக்கோமே அண்ணாச்சி" என்றான் மாசானம்.

"நிக்கோம்னு நாமதான சொல்லுதோம். கேமராவுக்கு நம்ம மேல என்ன பகை? அது எதுக்குப் பொய் சொல்லணும்?"

செண்பகவல்லி மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பாயசத்தை இறக்கினாள். பேச்சிமுத்து படத்தில் ஒவ்வொருவராக எண்ணிச் சரிபார்த்தான். நால்வரில் ஒருத்தன் மட்டும் அதில் இல்லை. வாசலில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த கொம்பையா.

இத்தனை பேரில் தான் ஒருத்தன்தான் மிஞ்சியிருக்கிறோம் என்பது கொம்பையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு பேருக்கும் காரியம் செய்யவேண்டிய பாரம் தன் ஒருவன் தலையில் விழுந்துவிட்டதே என்று ஆறடி உடம்பைச் சுருட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து அவன் தேம்பினான்.

மாசானத்துக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து அவன் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

"அழாத கொம்பையா" என்றான். "சும்மா கண்ண மூடினோம், அவ்வளவுதான். எங்க யாருக்கும் வலியே தெரியல."