தீப்பெட்டியில் இருந்த நிறம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்திரண்டு. தாடி இருப்பதும் சீடருக்குத்தான்.

குருவின் பெயர் ஜெசிந்தா. தூத்துக்குடியில் பல் செட் செய்துகொடுக்கும் லேப் நடத்துகிறார். டாக்டர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல் செய்வது பிழைப்பு. அதே மேஜையில், அதே பொடி உளிகளை வைத்து, பழைய போர்க்கப்பல்களையும் போர் விமானங்களையும் உள்ளங்கை அளவில் செய்வது பைத்தியம். அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பிழைப்பு அல்ல.

சீடர் தேவசகாயம், கடற்படையில் பாய்லர் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 'மகரிகா' என்ற கப்பலில்தான் அவருடைய இளமை முழுக்கப் போனது. அந்தக் கப்பலை உடைத்து இரும்பாக விற்றுவிட்டார்கள். எழுநூறில் ஒரு பங்காக, ஒரு சாணுக்குள், அதை மறுபடி கட்டிவிடத்தான் ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார். 'டீச்சர்' என்று கூப்பிடுவார். முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார். ஜெசிந்தா ஒரு பீரங்கியின் குழாயை மயிரிழைக் கம்பியில் கடைந்து காட்டியதைப் பார்த்த பிறகு கேலி போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவசகாயம் நேராக லேபுக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. சன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். உட்காரச் சொன்னபோது உட்கார்ந்தார், ஆனால் வலது முழங்கால் ஆடிக்கொண்டே இருந்தது. மேஜைமேல் இருந்த பற்களும் சேர்ந்து ஆடின.

"திரும்பவும் கழுவிட்டீங்களா அண்ணாச்சி?"

"கழுவிட்டேன்."

டிபன் டப்பாவைத் திறந்து காட்டினார். பஞ்சுக்கு நடுவே கப்பல் சாயமில்லாமல் வெளிறிக் கிடந்தது. பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துச் சாயத்தை எடுத்திருக்கிறார். இது முதல் தடவையும் அல்ல. ஒவ்வொரு கழுவலுக்கும் ஏதாவது ஒன்று உடைந்து போய்க்கொண்டிருந்தது. இந்தத் தடவை மேல்தளத்துக் கைப்பிடிக் கம்பிகளில் பாதியைக் காணோம்.

"இன்னும் ஒரு தடவை கழுவினா ஆயில்தான் மிஞ்சும். கப்பல் மிஞ்சாது."

"நிறம் வர மாட்டேங்குதே டீச்சர். நான் என்ன செய்ய?"

சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே நகக்கண் அளவுக்கு ஒரு சாயச் செதில் இருந்தது, சாம்பல் நிறம்.

"கப்பலை உடைக்கக் கொண்டு போறதுக்கு முந்தி நானே சுரண்டி எடுத்தது. மகரிகாவோட தோலு. இத வச்சுத்தான் கலக்குதேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒரு வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனா கப்பல் மேல அடிச்சா தோசைக்கல்லு மாதிரி கறுத்துக் கெடக்கு. உசுரே இல்ல."

"கொஞ்ச நாள் சும்மா போட்டு வைங்களேன். என்ன அவசரம்?"

"திருவிழா வருதே."

"எந்தத் திருவிழா?"

"மணப்பாட்டுல. அங்கதான் பிலோமினா இருக்கா, அவ அக்கா வீட்டுல."

பிலோமினா அவருடைய மனைவி. அக்கா வீட்டுக்குப் போன கதையை அதுவரை அவர் சொன்னதில்லை. இப்போது கேட்காமலே சொன்னார்.

"எல்லாம் இந்தக் கப்பலாலதான் டீச்சர். சாப்பாட்டு மேஜைய நான் கப்பல் கட்டுற டாக்யார்டு ஆக்கிட்டேன். அவ தரையில உக்காந்து சாப்பிட்டா, ஒண்ணும் சொல்லல. மொத தடவை சாயம் அடிச்சு முடிச்சதும் வா வந்து பாருன்னு கூப்பிட்டேன். வந்தா. ரொம்ப நேரம் பாத்தா. 'இது அந்தக் கப்பலே இல்ல'ன்னுட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குக் கோவம் வராதா? ஒரு நாளாவது பாய்லர் ரூம்புல நின்னுருப்பியா? கப்பலப் பத்தி உனக்கு என்னட்டீ தெரியும்னு கேட்டேன்."

"அவங்க?"

"மறுநாள் பையத் தூக்கிட்டா. 'கடல்ல கெடந்தப்பவும் அதுகூடத்தான் கெடந்தீரு, கரையேறின பொறவும் அதுகூடத்தான் கெடக்கீரு. எனக்கு எதுக்கு இந்த வீடு'ன்னு கேட்டுட்டு பஸ் ஏறிட்டா."

முழங்கால் இன்னும் வேகமாக ஆடியது.

"திருவிழாவுக்குள்ள அச்சு அசலா முடிச்சு அவ முன்னால கொண்டுபோய் வைக்கணும். இதாம்ட்டீ நான் இருந்த எடம், பாத்துக்கோன்னு சொல்லணும். அப்பதான் வருவா. வரலைன்னா..."

வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிற மனிதரின் முகம் அது. மறைக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஜெசிந்தா பற்களை ஒரு தட்டில் எடுத்து வைத்தார். கையைக் கழுவினார். ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"தீப்பெட்டியை எடுத்துக்கிடுங்க."

"எங்க போறோம்?"

"கடற்கரைக்கு."

"காத்து வாங்கவா? எனக்கு நேரமில்ல டீச்சர்."

"ஏறுங்க அண்ணாச்சி."

ஏறினார். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். சாயத்தில் பிசகா, பிரஷ்ஷில் பிசகா, ஸ்பிரே வாங்க வேண்டுமா, மதுரையில் நல்ல சாயம் கிடைக்குமா. ஹெல்மெட்டுக்குள் குருவின் காதில் விழுந்ததோ என்னவோ.

கடற்கரையில் வெயில் ஏறியிருந்தது. பயிற்சிக்காக வந்த போர்க்கப்பல் ஒன்று தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றது. ஊரே இரண்டு நாளாக வந்து வேடிக்கை பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. தேவசகாயம் மட்டும் வரவில்லை. அவருக்குத்தான் கப்பல் வேலை இருந்ததே.

"அது என்ன நிறம் அண்ணாச்சி?"

"நேவி சாம்பல். இதுல என்ன கேள்வி? என் தீப்பெட்டியில இருக்குற அதே சாயம்தான். எல்லாக் கப்பலுக்கும் ஒண்ணுதான்."

"செதிலை எடுங்க. கைய நீட்டிக் கப்பலுக்குப் பக்கத்துல பிடிச்சுப் பாருங்க."

விரல் நுனியில் செதிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கையை இறக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

விரலில் இருந்தது கறுப்பாக இருந்தது. கடலில் நின்றதோ விபூதி மாதிரி வெளுத்து, வானத்தோடு பாதி கரைந்து நின்றது.

"சாயத்த மாத்திட்டானுங்களா?"

"மாத்தல. அதே சாயம்தான்."

"பொறவு?"

"நடுவுல காத்து இருக்குல்லா. வெயிலு, ஈரம், உப்பு எல்லாம் இருக்கு. அது அத்தனையும் சேந்துதான் அந்த நிறம்."

தேவசகாயம் தண்ணீர் வரைக்கும் நடந்துபோனார், திரும்பி வந்தார்.

"போர்க்கப்பலுக்கு ஏன் சாம்பல் அடிக்காங்க அண்ணாச்சி?"

"எதிரி கண்ணுக்குத் தெரியாம இருக்கத்தான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"முன்ன அப்படி இல்ல. ஒரு காலத்துல கறுப்பு உடம்பு, வெள்ளை மேல்கட்டு, மஞ்சப் புகைக்கூண்டுன்னு கல்யாண வீடு மாதிரி ஜோடிச்சு ஓட்டுனாங்க. பக்கத்துல நின்னு பாக்குறவனுக்கு அழகா இருந்துச்சு. பீரங்கி எட்டுற தூரம் கூடக் கூடத்தான், தூரத்துல நிக்கிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்னு யோசிச்சாங்க. சாம்பலுக்கு மாறினாங்க. அப்ப உங்க சாயம் யாரோட கண்ணுக்காக அடிச்சது?"

"எட்டி நிக்கிறவன் கண்ணுக்கு."

"உங்க கப்பல் எழுநூறுல ஒரு பங்கு. அத மேஜையில வச்சு ஒரு கை தூரத்துல நின்னு பாத்தா, நெசக் கப்பலை எங்க நின்னு பாக்குற கணக்கு?"

அவர் மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். பாய்லர் கணக்கு போட்ட மூளை, சட்டென்று போட்டுவிட்டது.

"அரைக் கிலோமீட்டர்."

"இந்தக் கப்பல் அதவிட ரொம்பத் தள்ளி நிக்கி. உங்களுக்கு இவ்வளவு வெளுப்பு வேண்டாம். ஆனா நியாயம் ஒண்ணுதான்."

தேவசகாயத்தின் முகம் மலர்ந்துவிட்டது. விடை கிடைத்த சந்தோஷத்தில் குருவின் கையைப் பிடித்துக் குலுக்கப் போனார்.

"வெள்ளை கலக்கணும்! அவ்வளவுதானே? எவ்வளவுன்னு சொல்லுங்க டீச்சர், இன்னைக்கே கலந்துடுதேன். நாளைக்கே மணப்பாட்டுக்கு பஸ் ஏறிடுதேன்."

"மகரிகாவ எட்டி நின்னு எப்பப் பாத்தீங்க?"

"நானா? எத்தனையோ தடவை..."

"கரையில நின்னு. அது போகும்போதோ, வரும்போதோ."

"போகும்போது நான் பாய்லர் ரூம்புல இருப்பேன். ஆவி ஏத்தணும்லா. வரும்போதும் கீழதான். கயிறு கட்டி முடிச்ச பொறவுதான் மேல வருவேன். வந்தா கைக்கு எட்டுற தூரத்துல..."

நிறுத்தினார்.

"கைக்கு எட்டுற தூரத்துல இரும்புச் சுவரு," என்றார் மெதுவாக. "அதத்தான் சுரண்டி எடுத்தேன்."

அலை வந்து அவருடைய செருப்பை நனைத்தது. அவர் நகரவில்லை.

"அப்ப அந்த நிறம் எனக்குத் தெரியாது," என்றார்.

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி. நான் அந்தக் கப்பலைப் பாத்ததே இல்ல. கரையில நின்னு பாத்தவங்க யாரும் இருக்காங்களா?"

தேவசகாயம் கடலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"விசாகப்பட்டினத்துல குவாட்டர்ஸ் கடலோரத்துல. கப்பல் கெளம்புற அன்னைக்கெல்லாம் பிலோமினா பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு பாறை மேல வந்து நிப்பாளாம். கண்ணுக்கு மறையுற வரைக்கும் நிப்பாளாம். மேல டூட்டியில நின்ன பயலுக எறங்கி வந்து சொல்லுவானுங்க, 'ஒம்ம வீட்டுக்காரி நிக்காவே'ன்னு. திரும்பி வார அன்னைக்கும் அப்படித்தான். எனக்கு பாய்லர் ரூம்புல வேலை இருக்கும். அங்க நின்னு என்னட்டீ பாத்தேன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

அப்புறம், யாரோ பின்னாலிருந்து தட்டினதுபோல், திரும்பினார்.

"இது அந்தக் கப்பலே இல்லைன்னு சொன்னாளே டீச்சர்."

ஜெசிந்தா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

லேபுக்குத் திரும்பினார்கள். தேவசகாயம் உட்கார்ந்தபோது மேஜைமேல் இருந்த பற்கள் அசையாமல் இருந்தன. குரு டிபன் டப்பாவை மூடி அவர் முன்னால் வைத்தார். அதன்மேல் ஒரு சின்னக் குப்பி வெள்ளைச் சாயத்தையும், மருந்து விடுகிற சொட்டுக் குழாய் ஒன்றையும் வைத்தார்.

"எவ்வளவு விடணும்?" என்று கேட்டார் தேவசகாயம். வழக்கத்தால் வந்த கேள்வி அது.

"சாயம் அடிக்காமலே கொண்டு போங்க அண்ணாச்சி. அங்க போய் உங்க சாம்பலைக் கிண்ணத்துல ஊத்தி அவங்க முன்னால வைங்க. வெள்ளையச் சொட்டுச் சொட்டா விடுங்க," என்றார் குரு. "அவங்க போதும்னு சொல்ற வரைக்கும்."