மாலிஸுக்கு வந்த அன்சோம்

"சாமி, என் தம்பி பேரை எந்தப் பக்கம் எழுதட்டும்?"

கேட்டவள் மோம். வயது அறுபது. காலையில் கம்போங் தோம் சந்தையில் மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ் விற்பாள். மற்ற நேரமெல்லாம் புத்த விகாரையில், குருவின் காலடியில்.

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. பெயர் பொன்லூ.

அவர் மடியில் ஒரு நோட்டு. இடது பக்கம் செத்தவர்கள் பெயர். வலது பக்கம் சோறு கொண்டுவந்தவர்கள் பெயர்.

பச்சும் பென் பண்டிகையின் கடைசி நாள் அது. கெமர் நாட்டில் செத்தவர்களுக்குப் பதினைந்து நாள் லீவு. பசியோடு இறங்கி வருவார்கள். ஏழு விகாரை ஏறி இறங்கி, தன் பேரைச் சொல்லி யாராவது சோறு வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பெயரை வாசித்தால்தான் சோறு. வாசித்து முடித்ததும் இடது பக்கத்தைக் கிழித்து எரித்துவிடுவார்கள்.

அப்புறம் அடுத்த வருஷம்தான்.

"போன வருஷம் எந்தப் பக்கம் எழுதினீங்க?"

"எழுதலை, சாமி. நாற்பத்தஞ்சு வருஷமா எழுதலை."

"ஏன்?"

"இடது பக்கம் எழுதினா, நானே அவனைக் கொன்ன மாதிரி. எழுதாம விட்டு அவன் செத்திருந்தா, ஏழு விகாரையும் சுத்திட்டுப் பட்டினியாத் திரும்புவான்."

"பசி தாங்க மாட்டாரோ?"

மோம் சிரித்துவிட்டாள்.

"என் தம்பி பிசேத்தா? கறுப்புச் சட்டைப் புரட்சிக்காரங்க ஆட்சி நடந்த காலம். டவுனைக் காலி பண்ணி எல்லாரையும் வயல்ல இறக்கிட்டாங்க. எங்க குழுத் தலைவருக்கு மூக்கால பேச்சு, எது சொன்னாலும் 'அமைப்பு அறிவிக்கிறது'ம்பார். ஒருநாள் இவன் மரத்துமேல ஏறி அதே குரல்ல, 'தோழர்ர்ர்களே! அமைப்பு அறிவிக்கிறது! கஞ்சி ரெடி!' நானூறு பேர் கரண்டியோட ஓடினோம். போய்ப் பாத்தா அடுப்பே மூட்டலை."

"நீங்களும் ஓடினீங்களா?"

"முதல் ஆளு நான்தான்."

"அப்புறம்?"

"மறுநாள் அவனை லாரியில ஏத்திட்டாங்க. பின்னாடியே ஓடினேன். 'மாலிஸ் அக்கா, கரண்டியை விட்டுட்டேன், எடுத்து வை'ன்னு கத்தினான்."

அவள் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். கட்டம் போட்ட துண்டின் முடிச்சில் ஒரு தகரக் கரண்டி இருந்தது.

"மாலிஸ் யாரு?"

"நான்தான். அந்த வாரமே என்னை வேற ஊருக்குத் தள்ளினாங்க. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். படிச்சவங்களைக் கொன்னுட்டிருந்தாங்க, தெரிஞ்சா தொலைஞ்சேன். மாலிஸ்னா டவுன் பேரு. அதனால மோம்னு சொன்னேன், வயக்காட்டுப் பேரு. அப்படியே ஒட்டிக்கிச்சு."

"மோம்ங்கிற பேர் தம்பிக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்?"

குரு பென்சிலை எடுத்தார். நோட்டில் ஏதோ எழுதினார். தட்டில் ஒரு அன்சோம் வைத்தார். வாழையிலையில் உருட்டி அவித்த ஒட்டரிசி. உள்ளே பாசிப்பருப்பு, பன்றிக் கொழுப்பு.

மைக்கைத் தட்டினார். டொக், டொக். கொர்ர்ர்.

கூட்டம் அடங்கியது. மோம் வாசல் கல்லில் சாய்ந்துகொண்டாள். பழைய ராஜா காலத்துக் கல்வெட்டு. ராஜா பேர் தேய்ந்துபோய்விட்டது. கோயிலுக்கு அரிசி குத்தினவர்கள் பேர் மட்டும் அப்படியே இருக்கிறது.

பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எங்கேயோ ஒரு மூக்குறிஞ்சல்.

கடைசியாக, "மாலிஸ்."

மோம் துள்ளி எழுந்தாள்.

"சாமி! அது நான்! நான் உயிரோடதான் இருக்கேன்!"

முன்வரிசைக் கிழவர் திரும்பிப் பார்த்தார். "பேய் பேசுதுப்பா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

கூட்டம் சிரித்தது.

குரு எழுந்து வந்தார். அன்சோமை அவள் கையில் வைத்தார்.

"மாலிஸ் பேருக்கு வந்தது."

"சாமி, உயிரோட இருக்கிறவ பேரை அந்தப் பக்கம் எழுதலாமா?"

"ஆறிடப் போகுது. சாப்பிடுங்க."

காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. இலையைப் பிரித்தாள். ஒரு கடி. இன்னொரு கடி.

"வந்து சேர்ந்துச்சா?"

வாய் நிறைய இருந்தது. தலையாட்டினாள்.

"யாருக்கு?"

மெல்லுவது நின்றது. செத்தவர்கள் பக்கத்தில் பேர் இருந்தும், சாப்பிட்டது உயிரோடு இருக்கிறவள்.

முற்றத்தில் நெருப்பு மூட்டிவிட்டார்கள். ஒருவர் நோட்டைக் கேட்டுக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் மோம். பென்சிலை வாங்கினாள். இடது பக்கம், மாலிஸுக்குக் கீழே 'பிசேத்' என்று எழுதினாள். வலது பக்கமும் எழுதினாள். அதே பேர்.

குரு மைக்கில் வாசித்தார், இரண்டு தடவை.

மோம் துண்டின் முடிச்சை அவிழ்த்துக் கரண்டியை எடுத்தாள்.

"அவன் பேருக்கு வைக்கிற சோத்தோட இதையும் வைங்க, சாமி. கையால சாப்பிட மாட்டான்."