நாற்பது கூடை மண்

"சாமி, என்னை விட்டுடுங்க. இந்தத் தோட்டத்தோட இனி என்னால மல்லுக்கட்ட முடியாது."

சொல்லிவிட்டு, துறவி தியெபோ கொடி வெட்டும் தன் கவாத்துக் கத்தியைக் குருவின் மேசைமேல் வைத்தார். பிரான்சின் பர்கண்டி மலைச்சரிவில் திராட்சை வளர்த்த அந்த மடத்தில் கத்தியைத் திருப்பிக் கொடுத்தால், மடத்தை விட்டே போகிறேன் என்று அர்த்தம்.

சீடருக்கு வயது அறுபது. குரு அன்செல்முக்கு நாற்பதுகூட ஆகவில்லை. ஞானத்துக்கு நரை வேண்டியதில்லை என்று ஆண்டவரே நினைத்துவிட்டால் நாம் என்ன செய்ய?

"தோட்டம் என்ன பண்ணிச்சு?"

"ஒயின் கரிக்குது சாமி. பதினோரு வருஷமா கரிக்குது. தோட்டச் சுவருக்கு அந்தப் பக்கமும் இதே சார்டொனே திராட்சைக் கொடிதான், இதே பீப்பாய்தான். அங்கே தேனா வருது. இங்கே கல்லை நக்கின மாதிரி இருக்கு. குறை என் கையிலதான்."

"அவ்வளவுதானா?"

தியெபோவின் முகம் சிவந்தது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மழை, சரிவிலிருந்து மண்ணை அடிவாரத்துக்கு இழுத்து வந்துவிடும். குளிர்காலத்தில் துறவிகள் அதைக் கூடையில் அள்ளி, முதுகில் சுமந்து மேலே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். எந்தத் தோட்டத்து மண்ணோ, அந்தத் தோட்டத்துக்கே. ஒரு பிடி மாறினாலும் பாவம்.

"திருடினேன் சாமி. பனிமூட்டத்துல யாருக்கும் தெரியாம, சுவருக்கு அந்தப் பக்கத்து மண்ணை என் தோட்டத்துல கொட்டினேன். நாற்பது கூடை."

"இனிச்சுதா?"

"இல்ல. கரிப்பு போகவே இல்ல."

குரு திட்டவில்லை. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்து நீட்டினார்.

"உங்க தோட்டத்துல பனியில பட்டுப்போன கொடி ஒண்ணு இருக்கே, அதோட வேர் எங்கே முடியுதுன்னு தோண்டிப் பாருங்க."

முதல் சாணில் திருட்டு மண், செக்கச்செவேல் என்று. வேர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கியிருந்தது.

முழங்கால் ஆழத்தில் தோட்டத்தின் சொந்த மண்ணும் தீர்ந்தது. கீழே வெள்ளைப் பாறை. வேர் அங்கேயும் நிற்கவில்லை. நூலளவு வெடிப்பில் நுழைந்து போய்க்கொண்டே இருந்தது.

இடுப்பளவு தோண்டினார். தோளளவு தோண்டினார். தியெபோவுக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் இதன் தலைமுடியை மட்டும்தான் வெட்டிக்கொண்டிருந்தோமா என்று நினைத்தார்.

பாறை ஒன்று பிளந்தது.

உள்ளே கட்டைவிரல் நகம் அளவில் சிப்பிகள், அடுக்கடுக்காக, எண்ண முடியாத அளவுக்கு. அவற்றை இறுகப் பிடித்தபடி ஒரு மெல்லிய வேர்.

"சாமி, இது என்ன?" என்று கேட்டார் தியெபோ.

குரு மீனவர் வீட்டுப் பிள்ளை. குழிக்குள் குனிந்து பார்த்தவர், தலையில் கிடந்த முக்காட்டை மெல்ல விலக்கினார்.

"சிப்பி. எங்க ஊர்க் கடற்கரையில கிடக்கிற சிப்பி."

"கடல் எங்கே இருக்கு?"

"இங்கேயிருந்து பத்து நாள் நடை." குரு குழியின் அடியைக் காட்டினார். "அது இப்போ. ஒரு காலத்துல, நீங்க நிக்கிற இடத்துல."

தியெபோ கடலைப் பார்த்ததே இல்லை. உடைந்த கல்லை நாக்கில் வைத்தார்.

பதினோரு வருஷமாக அவர் விரட்டப் பார்த்த அதே கரிப்பு.

குழிக்குள்ளேயே மண்டியிட்டார்.

"நாற்பது கூடையையும் எங்கே கொட்டினீங்க?" என்று கேட்டார் குரு.

"கடல்ல, சாமி."

வெகு நேரம் கழித்து, சுண்ணாம்பு அப்பிய கை ஒன்று குழியிலிருந்து மேலே நீண்டது. தூக்கிவிட குரு தன் கையை நீட்டினார்.

"கை வேண்டாம் சாமி. கத்தியைக் கொடுங்க."