தாக்ரோஸின் கரிய விலா

மாடுகள் தம் குறைகளைத் தாமே எடுத்துச் சொல்லிவந்த அந்தக் காலத்தில், நார்வே நாட்டின் த்ரொண்டெலாக் மலைகளில் இருவகை மாடுகளே இருந்தன. மனிதர்களின் மாடுகள் கொம்பு முதல் குளம்பு வரை வெள்ளை. மலைக்குள் கண்மறைவாக வாழ்ந்த ஹுல்ட்ரா மக்களின் மாடுகள் முழுக் கருப்பு. கோடையில் இரண்டும் ஒரே சரிவில் மேய்ந்தன. நிறம் வேறாக இருந்தமையால் வழக்கு எதுவும் எழவில்லை. ஹுல்ட்ரா மாட்டின் மேலாக எஃகுக் கத்தியை வீசியவருக்கு அந்த மாடு சொந்தமாகும் என்பது மட்டும் இரு சாராரும் ஏற்றுக்கொண்ட விதி.

அம்மலையின் கோடைக்குடிசை ஒன்றில் குரோ என்னும் பெண் பால் கறந்து, வெண்ணெய் கடைந்து, பாலாடைக்கட்டி செய்துவந்தாள். அவளிடம் இருந்தது ஒரே மாடு, பெயர் தாக்ரோஸ். பள்ளத்தாக்கில் இருந்த கணவனும் மூன்று பிள்ளைகளும் பனிக்காலம் முழுவதும் உண்ணவேண்டியது அந்த ஒரு மடியிலிருந்தே வரவேண்டும்.

ஒருநாள் மூடுபனியில், பக்கத்துக் குடிசைக்காரியின் வெள்ளை மாடு கண்ணுக்குத் தெரியாமல் பாறை விளிம்பைத் தாண்டி விழுந்து மடிந்தது. மறுநாள் காலையிலேயே குரோ பால் காய்ச்சும் கொப்பரையின் அடிக்கரியைச் சுரண்டி, வெண்ணெயில் குழைத்து, தாக்ரோஸின் விலாக்களில் அப்பினாள்.

“என்ன அலங்காரம் இது? யாருக்குத் திருமணம்?” என்றது மாடு.

“பேசாமல் நில். பனி இறங்கினால் நீ என் கண்ணுக்குத் தெரியவேண்டும்.”

“முதுகை விட்டுவிட்டாயே.”

“கரி தீர்ந்துவிட்டது. உன் உடம்பு என்ன சிறியதா?”

நண்பகலில் பனி இறங்கியது. குரோ உப்புப் பையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். பனியில் மாட்டின் பெயரை உரக்கச் சொல்லக் கூடாது. ஹுல்ட்ரா மக்கள் அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு தாமே அழைப்பார்கள் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. ஆகவே அவள் வாய் திறவாமல் நடந்தாள்.

ஒரு சுனைக்கரையில் கரிய விலா ஒன்று மட்டும் தெரிந்தது; மற்றதெல்லாம் பனியில் மறைந்திருந்தது. குரோ திகைத்தாள். அது கரியா, தோலா? நிற்பது தாக்ரோஸா, மலைக்குள்ளிருந்து வந்த மாடா? தன் குறியைத் தானே குழப்பிவிட்டதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். ஆயினும் முறையாகவே எண்ணிப் பார்த்தாள்: ‘இது அவர்களுடையதாயின் வீச்சினால் எனக்கு ஒரு மாடு கூடும், என்னுடையதாயின் இழப்பு ஏதுமில்லை.’

கத்தியை வீசினாள்.

எஃகு வாலிலிருந்து தலைவரை முதுகின்மேல் பறந்தது. எதிர்ப்பட்ட இரு கொம்புகளையும் அடியோடு சீவிக்கொண்டு சுனையில் விழுந்தது. விலாவில் இருந்த கரி அக்கணமே தோலாகிவிட்டது.

“என் கொம்பு!” என்று அலறியது மாடு.

பாறை திறந்தது. பாவாடைக்குக் கீழே பசுவின் வால் அசைய, ஒரு ஹுல்ட்ராப் பெண் வெளியே வந்தாள்.

“கத்தி வீசியவளே, எஃகு வீசுவது எங்கள் மாட்டின்மேல்தானே? எங்கள் மாடு என்று நீயே ஒப்புக்கொண்டாய்.”

“ஆம். இல்லை! அப்படியே இருந்தாலும், வீசியபின் என்னுடையது.”

“நல்லது, வைத்துக்கொள். காலையில் மேயவந்த உன் வெள்ளை மாடு எங்கே? அதையும் காட்டு.”

குரோ விரல்களை மடக்கினாள், நீட்டினாள். ஒரு மாடு வந்திருந்தது. ஒரு மாடு போயிருந்தது. எதிரில் நின்றதோ ஒன்றே.

மாடு சுனைநீரில் தன்னைப் பார்த்தது. “விலாவைப் பார்த்தால் இவளுடையவள். முதுகைப் பார்த்தால் உன்னுடையவள். நான் எந்தப் பக்கம் நடப்பது, குரோ? கொம்பு வேறு இல்லை; என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை.”

“கதிரவன் மறைந்தால் பாறை மூடிக்கொள்ளும்,” என்றாள் ஹுல்ட்ராப் பெண். “யாருக்கும் உரியதல்லாத மாடு மலைக்குள் வரும். வா, கருப்பி.”

மாடு ஓரடி வைத்தது. மூன்று பிள்ளைகளின் பனிக்காலம் பாறையை நோக்கி நகர்வதைக் குரோ கண்டாள். பெயரைச் சொல்லக் கூடாது என்ற நம்பிக்கையாவது, காவலாவது! அவள் அடிவயிற்றிலிருந்து, அந்தியில் கறவைக்கு அழைக்கும் அதே நீண்ட குரலில், “தாக்ரோஸ்! தாக்ரோ…ஸ்!” என்று கூவினாள்.

மாட்டின் தலைக்கு ஒன்றும் விளங்கவில்லை. மடிக்கு விளங்கியது. நான்கு காம்புகளிலிருந்தும் பால் புல்லின்மேல் சொரிந்தது.

ஹுல்ட்ராப் பெண் நெடுநேரம் அந்தப் பாலையே பார்த்தாள். “மடி பொய் சொல்லாது, அழைத்துப் போ. ஆனால் என் நிறத்தைக் கேளாமல் பூசினாய். விலா இரண்டும் என் அடையாளமாகவே இருக்கட்டும். இன்னொன்று: இவள் பெயர் இப்போது எனக்கும் தெரியும்.”

பாறை மூடிக்கொண்டது.

அன்று முதல்தான் த்ரொண்டெலாக் மாடு வெள்ளை முதுகும் கரிய விலாவுமாக, கொம்பின்றிப் பிறக்கிறது. பெயர் சொல்லி அழைத்தால் உடனே வருவதில்லை. ஒரு கணம் நின்று, குடிசையையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்து, குரல் யாருடையது என்று கேட்டறிந்த பின்னரே வீட்டை நோக்கி நடக்கிறது.