அங்கமுத்து மாட்டிய ஆக்ஸிலேட்டர் கேபிள்

அங்கமுத்துவுக்கு அன்றைக்கு வந்தது சாதாரணக் கோபம் இல்லை. ஸ்பேனர்களையெல்லாம் அள்ளிப் பைக்குள் போட்டுவிட்டார். கோபம் வராதா பின்னே? இருபத்தாறு வருஷம் பெட்ரோல் வண்டி பார்த்த மனுஷன். ஐம்பத்து நாலு வயதில் சொந்தப் பட்டறையைப் பூட்டிவிட்டு, பழைய ஸ்கூட்டர்களைப் பேட்டரி வண்டியாக மாற்றும் தமயந்தியிடம் வேலை கற்க வந்திருந்தார். அவளுக்கு முப்பது வயது. சின்னப் பெண்ணாயிற்றே என்று ஒருநாளும் அவர் நினைத்ததில்லை. குரு என்றால் குருதான்.

ஆனால் இன்றைக்கு நடந்தது அநியாயம்.

பனியன் கம்பெனிகளுக்கு டிபன் கொண்டுபோகும் வேலாத்தாள் காலையில் பட்டறை வாசலில் வந்து நின்று ஊரையே கூட்டிவிட்டாள். முழங்கையில் பெரிய கட்டு. அவளுடைய ஸ்கூட்டரை மாற்றிக் கொடுத்து நாலு நாள்தான் ஆகிறது. கம்பெனி கேட்டுக்குள் வளைத்துத் திருப்புகையில் வண்டி தானாகப் பாய்ந்து தன்னைச் சாக்கடையில் தள்ளிவிட்டது என்றாள். இப்படி வேலை பார்த்த கையில் கொள்ளியை வைக்க என்றும் சொன்னாள். இனி செத்தாலும் இதில் ஏறமாட்டேன் என்று வண்டியை அங்கேயே விட்டு, சாவியை வீசிவிட்டுப் போனாள்.

அந்தக் கை அங்கமுத்துவின் கை. பழைய ஆக்ஸிலேட்டர் பிடியையும் கேபிளையும் அப்படியே வைத்துக்கொண்டு, கேபிளின் மறுமுனையைக் கார்புரேட்டருக்குப் பதிலாக மோட்டாரை முடுக்கும் சின்னப் பெட்டியில் மாட்டியது அவர்தான்.

வண்டி எங்கேயாவது தானாகப் பாயுமா? பயத்தில் அவளே முறுக்கிவிட்டுப் பழியைத் தூக்கி என் தலையில் போடுகிறாள் என்று கொதித்தார். தமயந்தி தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது அதைவிடச் சுட்டது. என் கேபிளில் கோளாறு என்று காட்டிவிட்டால் இந்த ஜென்மத்துக்கு ஸ்பேனரைத் தொடமாட்டேன் என்று சபதமே போட்டுவிட்டார்.

தமயந்தி வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிச் சாவியைப் போட்டாள்.

“கேபிள் மாட்டினதும் எப்படிச் சோதிச்சீங்களோ, அதே மாதிரி ஒருக்காச் சோதிங்கண்ணா.”

அங்கமுத்து பையைக் கீழே வைத்தார். வண்டிக்கு முன்னால் வந்து நின்று, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், ஹேண்டில்பாரை ஒரு பக்கமாகக் கடைசிவரை ஒடித்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். கேபிள் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால், ஒடிக்கும்போது இழுபட்டு இன்ஜின் உறுமும். உறுமினால் இரண்டு சுற்றுத் தளர்த்துவார். உறுமாவிட்டால் வேலை சுத்தம். இந்தச் சோதனையில் தேறாமல் அவர் பட்டறையிலிருந்து ஒரு வண்டி வெளியே போனதில்லை.

“பாத்தீங்களா அம்மணி? ஒரு சத்தம் உண்டா?”

“இல்லைங்க. ஹேண்டிலை அப்படியே வெச்சுக்கிட்டுப் பின்னாடி பாருங்க.”

எட்டிப் பார்த்தார். பின் சக்கரம் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஹேண்டிலை நேராக்கினார். சக்கரம் மெல்ல நின்றது. மறுபடி ஒடித்தார். மறுபடி சுற்றியது. அவமானத்தில் அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் கோபம் அடங்கினால்தானே? இப்போது அது வண்டியின் மேல் திரும்பியது.

“பெட்ரோல் வண்டியா இருந்தா அப்பவே கத்தியிருக்கும் அம்மணி. நானும் தளர்த்தியிருப்பேன். இது கம்முனு இருந்து என்னைக் கவுத்துப்போட்டுச்சு. ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?”

தமயந்தி அவர் பையிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“சொல்லுச்சுங்கண்ணா. காலையில வாசல்ல நின்னு அவ்வளவு நேரம் கத்துச்சு. நீங்கதான் அதை வேலாத்தாக்கான்னு நினைச்சுட்டீங்க.”