ஒன்றரைக்கண் வேதாளம்

எள்ளின் மேல் யானையைத் தீட்டி, அதன் காலில் சங்கிலியும் தீட்டியவர் தஸ்லீமா என்பார்கள். சங்கிலி இல்லாவிட்டால் யானை எள்ளைவிட்டு இறங்கிப் போய்விடுமாம். நான் போய்ப் பார்த்தபோது எள் மட்டும்தான் இருந்தது. சங்கிலி போட மறந்திருப்பார்.

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு; ரயில் ஓட்டி ஓய்ந்தவர். கட்டைவிரல் உயர ஈயப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்ட ஓராண்டாகக் கற்றுவந்தார். முதல் மூன்று மாதம் பொம்மையைத் தொடவே விடவில்லை. அது நிற்கும் வட்டத் தட்டில் பசை தடவி, மணல் தூவி, புல் நட்டதோடு சரி.

ஒருநாள் ஏகாம்பரம் வில்லேந்திய வேதாளம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"டீச்சர், இது என் மக தீட்டினது."

மகள் இளவேனில் இறந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் தோழிகளோடு பகடை உருட்டி, மேசைமேல் பொம்மைப் போர் நடத்துவாள். ஆறு வேதாளங்கள் அவள் படை. வரும் ஞாயிறு அவள் பிறந்தநாள். தோழிகள் வந்து அந்தப் படையை மறுபடி இறக்கப் போகிறார்கள்.

தஸ்லீமா பூதக்கண்ணாடியை இழுத்துப் பார்த்தார்.

"கண்ணு ரொம்ப நேர்த்தி. இளவேனில் கையா?"

"கண்ணு மட்டும் என் கை. நேத்துதான் முடிச்சேன்." முகமெல்லாம் பெருமை. "அவ போட்டது ஒன்றரைக்கண்ணு, டீச்சர். 'ஏய், உன் ஆளு வடக்கே பாத்துத் தெக்கே அடிக்கிறாண்டி'ன்னு ஒவ்வொரு ஆட்டத்திலயும் அந்தப் பொண்ணுங்க சிரிக்கும். அடுத்த ரூம்ல உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். என் பிள்ளையப் பாத்துச் சிரிக்கிறாளுகளேன்னு இருக்கும். இதைச் சரிபண்ணத்தான் உங்ககிட்ட வந்ததே."

"அப்ப இளவேனில் என்ன செய்வா?"

"அவளா? அவதான் எல்லாரையும்விடச் சத்தமா..."

ஏகாம்பரம் பாதியில் நிறுத்திவிட்டார். வேதாளத்தைப் பார்த்தார். அது நேராக அவரைப் பார்த்தது.

"நான் மேல பூசினதை மட்டும் எடுக்க முடியுமா, டீச்சர்?"

தஸ்லீமா அலமாரியைத் திறந்து ஒரு ராட்சசியை எடுத்தார். அவர் தீட்டிய முதல் பொம்மை. அதன் சிவப்புச் சேலைமேல் பின்னாளில் நீலம் பூசியிருந்தார். அதை ஸ்பிரிட் கிண்ணத்தில் ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார்.

நீலம் போனது. கூடவே சிவப்பும் போனது. வெறும் ஈயம் மிஞ்சியது.

"உங்க முதல் பொம்மையாச்சே!"

"ஆமா."

ஏகாம்பரம் வேதாளத்தைக் கையில் எடுத்தார். அதன் காலடியில் ஒட்டியிருந்த கருங்கல் துணுக்குகளை விரலால் தடவினார்.

"'அப்பா, தண்டவாளத்துக் கல்லு கொண்டா'ன்னு கேட்டா. கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்ப நானே அவளை மூடிட்டேன். ஞாயித்துக்கிழமை இதை இறக்க மாட்டேன், டீச்சர்."

"இதைத்தான் முதல்ல இறக்கணும்."

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு?"

தஸ்லீமா பிரஷைத் துடைத்து வைத்தார்.

"'எங்க ஒன்றரைக்கண்ணன் எங்கே?'ன்னு அந்தப் பொண்ணுங்க கேக்கும். அப்ப அடுத்த ரூம்ல உக்காந்துக்காதீங்க, ஐயா."