திரும்பி வராத முழங்கால்கள்

"ஒருத்தர்கூடத் திரும்பி வரலை மேடம். அத்தனை பேரும் நல்லா இருக்காங்க."

டாக்டர் கதிரேசன் மூச்சு வாங்க வந்து நின்றார். முழங்காலில் ஜவ்வு கிழிந்தவர்களுக்கு நுண்துளை ஆபரேஷன் செய்பவர். அன்று காலைதான் ஆயிரமாவது ஆபரேஷனை முடித்திருந்தார்.

அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்த டாக்டர் எஸ்தர் நிமிர்ந்து பார்த்தார்.

"வரலைங்கிறது தெரியுது. நல்லா இருக்காங்கன்னு எப்படித் தெரியும்?"

"நல்லா இல்லைன்னா வந்திருப்பாங்களே."

எஸ்தர் ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"உன்கிட்ட ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்த முதல் பத்துப் பேரை எழுது. போய்ப் பார்த்துட்டு வா."

பதினைந்து வருடத்துக்கு முந்தைய பெயர்கள். கதிரேசன் ஞாயிறுதோறும் கிளம்பினார்.

முதல் ஆள் ஜெபராஜ், வாலிபால் பயிற்சியாளர். அவருக்கு ஜவ்வின் கிழிசலைக் கதிரேசன் தைத்திருந்தார். ஜெபராஜ் வலைக்கு மேலே எழும்பிப் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்.

கதிரேசன் மைதானத்திலிருந்தே போன் செய்தார்.

"குதிக்கிறார் மேடம்."

"அடுத்த வீட்டுக்குப் போ."

அடுத்த வீடு தென்காசியில். தையல்கடை பேச்சித்தாய். அவருக்கு ஜவ்வில் கிழிந்த பகுதியைக் கதிரேசன் நறுக்கி எடுத்திருந்தார். பேச்சித்தாய் சேலையைச் சற்றே தூக்கிக் காட்டினார். முட்டியின் மேலிருந்து கீழாக நீளத் தழும்பு.

"போன வருஷம் மூட்டையே மாத்திட்டாங்க சார். மதுரையில."

"என்கிட்ட ஏம்மா வரலை?"

பேச்சித்தாய் தயங்கினார்.

"ஆறாம் மாசம் வந்து நல்லாருக்குன்னு சொன்னேன். உங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் வலிக்குதுன்னு வந்து சொல்ல மனசு வரலை."

அன்று கதிரேசன் யாருக்கும் போன் செய்யவில்லை.

ஆனால் மறுவாரமும் போனார். அதற்கடுத்த வாரமும். பத்தாவது ஆள், ஆபரேஷனன்று பயந்து ஓடிப்போனவர். உடற்பயிற்சி மட்டும் செய்தவர். மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

கதிரேசன் நேராக எஸ்தரிடம் வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. தாளின் இரண்டு பக்கமும் எழுத்து.

"மேடம், தைச்சதெல்லாம் அநேகமா தாங்கியிருக்கு. நறுக்கின இடத்துல நாலு பேருக்குத் தேய்மானம். ரெண்டு பேருக்கு ஒண்ணுமே இல்லை, அது ஏன்? கத்தி படாதவர் மாடிப்படி ஓடுறார், அது எப்படி? எனக்கு எதுவுமே தெரியலை மேடம்."

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. உட்காரக்கூட இல்லை.

"உங்க ஆட்கள் எப்படி இருக்காங்க மேடம்? நீங்க எப்பப் போய்ப் பார்த்தீங்க?"

எஸ்தர் கண்ணாடியைக் கழற்றினார்.

பிறகு எழுந்து, ஒரு வெள்ளைத்தாளையும் கைப்பையையும் எடுத்தார்.

"வண்டியிலயா வந்தே?"